விட்டுப்போன பத்துப் பந்துகள்

ஜூன் 9, செவ்வாய், இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் வேண்டாம். எம்மெட்டிடம் வேண்டவே வேண்டாம். முன்பக்கங்களில் தவளையின் உள்ளுறுப்புகள்தான் இருக்கின்றன, போன வருட அறிவியல் பாடம். அதோடு மூடிவிட்டு, எடுத்த இடத்திலேயே, குளிர்காலக் காலுறைகளுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. யாராவது நம்புவார்களா?

இன்று பேஸ்பால் அரையிறுதி ஆட்டம். அப்பாதான் பயிற்சியாளர். என் தம்பி எம்மெட்தான் பந்து வீசுகிறவன். நான் பந்து எண்ணுகிறவள். பதினொன்று, பன்னிரண்டு வயதுக்காரர்கள் ஆடும்போது, வீசுகிற ஒவ்வொரு பந்தையும் ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். அந்த வயதில் முழங்கை எலும்பு இன்னும் முழுசாகக் கூடியிருக்காதாம். அறுபத்தைந்து பந்து வரை வீசினால் மூன்று நாள் ஓய்வு. அறுபத்தாறு ஆகிவிட்டால் நான்கு நாள். இறுதி ஆட்டம் சனிக்கிழமை. அதாவது இன்று அறுபத்தைந்தைத் தாண்டினால் சனிக்கிழமை எம்மெட் வீச முடியாது.

எண்ணுகிற தாளில் ஒன்றிலிருந்து எண்பத்தைந்து வரை அச்சடித்திருக்கும், வரிக்குப் பத்து. ஒரு பந்துக்கு ஓர் எண்ணை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் என் தங்கை ஹேட்டி வந்து என் மடியில் ஏறினாள். அவளுக்கு ஐந்து வயது, கையில் நீல ஐஸ் கோப்பை. பாதி தாளில் கொட்டிவிட்டது. புதுத் தாள் எடுத்து, பழையதைப் பார்த்து அடித்துக்கொண்டே வந்தேன். நடு வரிகள் எல்லாம் நீலமாக ஊறியிருந்தன. ஐந்து வரி அடித்தேன்.

ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையிலிருந்து அப்பா கேட்டார். "எத்தனைம்மா?"

"அம்பது."

அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நிச்சயமா?"

"நிச்சயம்ப்பா."

அதனால்தான் கடைசி இன்னிங்ஸான ஆறாவதுக்கும் எம்மெட்டையே அனுப்பினார். இன்னும் பதினாலு பந்து. கடைசி ஆளையும் அவுட்டாக்கி ஜெயித்தோம். நான் 64 என்று எழுதினேன். எதிரணிக்காக எண்ணும் மிஸஸ் ப்ரூயிட் நாலாவது இன்னிங்ஸிலேயே தின்பண்டக் கடைக்குப் போய்விட்டார், கடையைக் கவனிக்க இன்று அவர்கள் குடும்பத்தின் முறை. கையில் சீஸ் வடிய ஓடிவந்து, "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். அப்பாவும் போட்டார்.

இப்போது பையைக் காலி செய்தபோது பழைய தாள் கிடைத்தது. காய்ந்திருந்தது. பேனா அழுத்திய பள்ளம் பின்பக்கம் தெரிகிறது. விளக்கில் பிடித்து எண்ணினேன். ஐந்து வரி இல்லை. ஆறு.

அறுபதும் பதினாலும் எழுபத்து நாலு.

நாலு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 10, புதன்

காலையில் சொல்லிவிடலாம் என்று இறங்கிப் போனேன். அப்பா பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார். அப்பா அடுப்பருகே நின்று எத்தனை மாதம் ஆகிறது! பிப்ரவரியில் விதை ஆலையில் அப்பாவோடு சேர்த்து நாற்பது பேரை வேலையிலிருந்து நிறுத்தியதிலிருந்து அவர் இந்த நேரத்துக்கு எழுந்ததே இல்லை.

"வாம்மா, என் அதிர்ஷ்டக்காரி. அறுபத்து நாலு. ஒண்ணு மிச்சம்."

நான் சிரப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு தின்றேன்.

சாயங்காலம் ஹேட்டியின் ஆட்டம். அதற்கும் அப்பாதான் பயிற்சியாளர். சின்னதுகளுக்கு யாரும் பந்து வீசுவதில்லை, ஒரு குச்சியின் மேல் பந்து உட்கார்ந்திருக்கும். ஹேட்டி குச்சியை அடித்தாள், பந்து தானாக விழுந்தது, அவள் முதல் மூலைக்குப் பதிலாக மூன்றாம் மூலைக்கு ஓடினாள். அப்பா பின்னாலேயே ஓடி, "அந்தப் பக்கம்டி, அந்தப் பக்கம்" என்று திருப்பிவிட்டார். அங்கே யாரும் எதையும் எண்ணுவதில்லை. ஓட்டத்தைக்கூட. நான் ஏன் பெரியவளானேன்?

பயிற்சியில் அப்பாவுக்குத் துணையாக இருக்கும் கில் வேலியில் சாய்ந்து நின்றார். "லோர்னா, நீ ரெண்டு பந்து கூட எண்ணியிருந்தா சனிக்கிழமை வெண்டலை வச்சுல்ல மாரடிக்கணும். அவன் போடற பந்து வந்து சேர்றதுக்குள்ள சோளம் வெளஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். எம்மெட் இல்லாவிட்டால் பந்து வீச வேண்டிய வெண்டல் அங்கேதான் நின்றான். அவனும் சிரித்தான்.

எம்மெட் வேலிக்கு வெளியே விழுந்த பந்தை எடுத்து உள்ளே போட்டான். எப்போதும் வீசும் வலது கையால் இல்லை, இடது கையால். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 10, மறுபடியும்

அடிபட்டால் ஒத்தடம் வைக்கும் உறைந்த பட்டாணிப் பை ஃப்ரீசரில் இல்லை. அது எம்மெட்டின் அறையில் இருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

கேட்டுவிட்டேன். காரேஜில், அவன் சைக்கிளுக்குக் காற்றடிக்க முடியாமல் நின்றபோது.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"நீட்டு."

நீட்டினான். முழுசாக நீளவில்லை. கொஞ்சம் மடங்கியே நின்றது. தொட்டேன், பல்லைக் கடித்தான்.

"செவ்வாய்க்கிழமை கடைசி ஆளுக்குப் போடும்போது உள்ள ஏதோ சுண்டின மாதிரி இருந்துது. சரியாயிடும். சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்."

"அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னா வெண்டல் போடுவான். தோத்துடுவோம். பதினெட்டு வருஷம் கழிச்சு இப்பதான் இறுதி ஆட்டத்துக்கே வந்திருக்கோம், தெரியுமா? அப்பா செவ்வாய்க்கிழமை சிரிச்சார், பாத்தியா நீ?"

பார்த்தேன். நானும்தான் பார்த்தேன்.

பிறகு நான் சொல்லிவிட்டேன். ஊறிய தாள், ஆறு வரி, எழுபத்து நாலு, எல்லாவற்றையும். ஐம்பது என்று நான் சொல்லியிருக்காவிட்டால் அப்பா ஆறாவது இன்னிங்ஸில் உன்னை நிறுத்தியிருப்பார், அந்தக் கடைசி ஆளுக்கு நீ வீசியிருக்கவே மாட்டாய் என்றும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். அவன் சைக்கிள் சக்கரத்தையே பார்த்தான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப அறுபத்து நாலுதான்."

"எம்மெட்—"

"லோர்னா. நீ வாயத் தொறந்தா நான் உன்ன ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.  ஏன் பண்ணினேன்?

ஜூன் 11, இரவு

இதை எழுதலாமா என்றுகூடத் தெரியவில்லை.

மத்தியானம் அப்பாவின் டிரக்கில் ஹேட்டியின் செருப்பைத் தேடினேன். வெயில் தடுக்கும் பலகைக்குப் பின்னால் செவ்வாய்க்கிழமை அட்டை செருகியிருந்தது. ஆட்டக்காரர்கள் பெயர் எழுதும் அட்டை. எம்மெட்டின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு அப்பாவும் எண்ணியிருக்கிறார். கடைசியில் 74 என்று எழுதி, அதை அடித்து, மேலே 64.

அப்பா எண்ணியிருக்கிறார். சரியாக எண்ணியிருக்கிறார்.

அடித்தது ஏன்? என் எண்ணிக்கையை நம்பி, தன்னுடையதுதான் தப்பு என்று அடித்தாரா? "நிச்சயமா" என்று கேட்டாரே, நான் நிச்சயம் என்றேனே. அல்லது— இல்லை. அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் ஒரு பந்து, இரண்டு பந்து விட்டுப்போகலாம், பத்து எப்படி விட்டுப்போகும்? அவருக்குத் தெரியாதா?

என்னை நம்பினார் என்றால் நான்தான் அவரை ஏமாற்றியவள். நம்பவில்லை என்றால்—

இந்த இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.  தூக்கம் வராது.

ஜூன் 12, வெள்ளி

அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து ஏழு மணிக்கு வந்தார். ஷூவைக் கழற்றும்போது கேட்டேன்.

"அம்மா, ஒருத்தர் தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டாங்க. அதச் சொன்னா வேற ஒருத்தருக்கு ரொம்ப நாளா ஆசப்பட்டது போயிடும். என்ன பண்ணணும்?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஷூ லேஸில் முடிச்சு விழுந்திருந்தது. "யாரு, பள்ளிக்கூடத் தோழியா?"

"ஆமா."

"லோர்னா, நான் பதினோரு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கேன். எதுவா இருந்தாலும் சனிக்கிழமை தாண்டட்டும். அதுவரைக்கும் இந்த வீட்ல யாரும் எதையும் கெளறாதீங்க."

அம்மாவுக்கு ஏதாவது தெரியுமா? இந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்து, எல்லோரும் சும்மா இருக்கிறோமா?

இரவுச் சாப்பாட்டில் பன்றி இறைச்சித் துண்டு. எம்மெட் இடது கையில் முள்கரண்டியைப் பிடித்து, வெட்டாமலே முழுத் துண்டையும் தூக்கிக் கடித்தான். ஹேட்டி, "எம்மெட் நாய் மாதிரி திங்கறான்" என்றாள். அப்பா நிமிர்ந்தார். எம்மெட்டின் வலது கை மேசைக்கு அடியில் இருந்தது. அப்பா அங்கேயே பார்த்தார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. 

அப்புறம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "நேரத்துக்குத் தூங்குங்க. நாளைக்குப் பத்து மணிக்கு ஆட்டம்."

கேளுங்கப்பா. ஒரு தடவை கேளுங்க. நீங்க கேட்டா நான் சொல்லிடுவேன். ஏன்பா கேக்க மாட்டேங்கறீங்க?

ஜூன் 13, சனி, விடியற்காலை

எம்மெட் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். சட்டையை மாட்ட முடியவில்லை போலிருக்கிறது. நீலக்கறைத் தாள் என் ஷூவுக்குள் இருக்கிறது. கொடுப்பேனா என்று தெரியாது.

ஜூன் 13, சனி, இரவு

கொடுத்துவிட்டேன்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு இதை நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன்.

மைதானத்துக்குப் பொறுப்பு டோலோரஸ். ஹேட்டி வயதுப் பிள்ளைகளிலிருந்து பன்னிரண்டு வயது வரை, நான்கு பிரிவுக்கும் அவர்தான் தலைவி. எண்ணிய தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருப்பார். ஆட்டத்துக்கு முன் மேசையில் கோப்பைத் திறந்து, இன்று யார் வீசலாம், யார் கூடாது என்று படிப்பார். பக்கத்தில் நான். மறுபக்கம் எதிரணிக்காக எண்ணும் ஒரு தாத்தா, வெள்ளரி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் எம்மெட் ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வீசிக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் சரியாகத்தான் வீசுகிறான். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் மூஞ்சியைக் கையுறையால் மூடிக்கொண்டான்.

டோலோரஸ் படித்தார். "எம்மெட், செவ்வாய்க்கிழமை அறுபத்து நாலு. மூணு நாள் ஆச்சு, போடலாம்."

நான் குனிந்து ஷூவைக் கழற்றினேன்.

"என்னடி பண்றே?"

தாளை விரித்து மேசையில் வைத்தேன். 

"இது என்ன நீலமா?"

"ஐஸ். இதுதான் செவ்வாய்க்கிழமை முதல் தாள். நான் காப்பி பண்ணும்போது ஒரு வரி விட்டுட்டேன். பின்பக்கம் வெயில்ல பிடிச்சுப் பாருங்க."

டோலோரஸ் என்னையே பார்த்தார். பிறகு தாளைத் தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். உதடு அசைந்தது. தாத்தா கொறிப்பதை நிறுத்தினார்.

"லைல், இங்க வா," என்று டோலோரஸ் அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா வந்தார். கில்லும் வந்தார். வேலிக்கு வெளியே பெற்றோர்கள் எழுந்து நின்றார்கள். டோலோரஸ் சொல்லி முடிப்பதற்குள் கில் என் பக்கம் திரும்பினார்.

"இத செவ்வாய்க்கிழமையே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பன்னெண்டு பிள்ளைங்க இங்க நிக்கறாங்க. உன் தம்பி நிக்கறான். இப்ப வந்து காட்டறே, நல்ல பொண்ணு மாதிரி."

அவர் சொன்னது சரிதான். அதனால்தான் அழுகை வந்தது.

யாரோ ஓர் அம்மா, "காஞ்ச காகிதத்துல பள்ளத்தை வச்சு என்ன தெரியும்? கையெழுத்துப் போட்ட தாள்தான் கணக்கு" என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலைந்து பேர். டோலோரஸ்கூடத் தாளையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நிமிஷம் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எம்மெட் வீசியிருப்பான். எல்லோருக்கும் அது தெரிந்தது. எனக்கும்.

அப்பா நீலத் தாளைக் கையில் வாங்கினார். பார்க்கவில்லை. மடித்து டோலோரஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

"எழுபத்து நாலுதான்."

"லைல்," என்றார் கில்.

"நானும் எண்ணினேன் கில். எழுபத்து நாலு. அவ அறுபத்து நாலுன்னதும் எனக்கு வசதியா இருந்துது. அடிச்சுட்டு அதையே எழுதிக்கிட்டேன். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்."

 தள்ளி, சின்ன மைதானத்தில் ஏழு வயதுக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

டோலோரஸ் கோப்பை மூடினார். "அப்ப நீ இன்னிக்கு உள்ள நிக்க முடியாது, லைல். இன்னிக்கு மட்டுமில்ல."

"தெரியும்."

தொப்பியைக் கில்லிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். எம்மெட் நடு மைதானத்தில் நின்றே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். கையுறையைத் தரையில் அறைந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது, "பண்ணிட்டேல்ல" என்றான். அவ்வளவுதான்.

வெண்டல் வீசினான். நான் எண்ணினேன். ஒன்றுகூட விடாமல் எண்ணினேன். முப்பதைத் தாண்டியதும் அவன் அழுதுகொண்டே வீசினான், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. பதினொன்றுக்கு மூன்று என்று தோற்றோம். அப்பா கார்கள் நிற்கும் இடத்தில், ஹேட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசி வரை நின்றார். ஒரு தடவைகூடக் குரல் கொடுக்கவில்லை. முடிந்ததும் எங்களிடம் யாரும் வரவில்லை. வெண்டலின் அம்மா மட்டும் என்னிடம் எண்ணிக்கை கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நாலு பேரும் டிரக்கில் வீட்டுக்குக் கிளம்பினோம். தானியக் கிடங்கைத் தாண்டியதும் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு பக்கமும் சோளம்.

"எம்மெட், கைய நீட்டு."

"ஒண்ணுமில்ல."

"நீட்டுடா."

நீட்டினான். காரேஜில் நீண்ட அளவுகூட இப்போது நீளவில்லை. அப்பா அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி."

"எனக்கு அஞ்சாவது இன்னிங்ஸ்லயே தெரியும். உன்னை ரெண்டாவது தடவை கேட்டேன் பாரு, அப்பவே."

 வண்டியைத் திருப்பி, பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு விட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வளர்கிற எலும்பின் ஓரம் விலகியிருக்கிறதாம். கட்டுப் போட்டு, கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டிவிட்டார்கள். இந்தக் கோடை முழுக்கப் பந்தைத் தொடக் கூடாது. அறுவை வேண்டாம் என்றுதான் நினைக்கிறோம், இரண்டு வாரத்தில் வாருங்கள் என்றார் டாக்டர். அவர் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்: "கடைசியா முழு ஆட்டம் ஆடினப்ப எத்தனை பந்து?"

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

"எழுபத்து நாலு," என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

இப்போது மணி பதினொன்றரை. அம்மா வேலைக்குப் போகவில்லை, கீழே அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார். பேச்சுச் சத்தம் ஏறவும் இல்லை, நிற்கவும் இல்லை. எம்மெட்டின் அறையில் விளக்கு எரிகிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் என்னைப் பார்க்கவே இல்லை. நாளைக்குத் தேவாலயத்தில் அத்தனை பேரும் இருப்பார்கள். கில் இருப்பார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேறு பயம்

யாரோ என் கதவைத் தட்டுகிறார்கள். கீழே இன்னும் இரண்டு குரலும் கேட்கிறது, ஹேட்டி எப்போதோ தூங்கிவிட்டாள், அப்படியென்றால்—